எழுத்து இல்லாத சிவப்புப் பெட்டி

தாழைக்குறிச்சிக்கு ரயில் வராமல் போய்ப் பல மழைக்காலங்கள் கழிந்த பிறகு, அடைமழை விட்ட ஒரு காலையில், தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த தடத்தில் நெருஞ்சியும் எருக்கும் மண்டிக் கிடந்த இடத்தில், முழங்கை நீளத்தில் தகரத்தால் செய்த ரயில்பெட்டிகள், பிளாட்பாரத்தை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக, எஞ்சின் இல்லாமல், வெகுதூரத்திலிருந்து வந்து ஆட்களை இறக்கிவிட்டுக் களைப்பாறுகிறவை போல நின்றுகொண்டிருந்தன. முதலில் பார்த்தவர் டீக்கடைக் குஞ்சிதபாதம். ரயில் நின்ற பிறகும் பிளாட்பாரத்திலிருந்து கடையை எடுக்காத ஒரே ஆள் அவர்தான். பெட்டிகளை ஒரு தடவை பார்த்தார், வானத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பாலை அடுப்பில் ஏற்றினார்.

"வண்டி வந்துடுச்சு," என்று உப்பளத்துக்கு சைக்கிளில் போனவர்களிடம் சொன்னார். "கொஞ்சம் லேட்டு."

ஊரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. சைக்கிளை நிறுத்திக் குனிந்து பார்த்தவர்கள், ஜன்னல்கள் தகரத்தில் நேர்த்தியாக வெட்டப்பட்டிருப்பதையும், கூரையை ஒரு பக்கம் நெம்பினால் டிரங்குப்பெட்டி மூடி போலத் திறந்துகொள்வதையும், உள்ளே விரல் அகலத்துக்கு வரிசையாக இருக்கைகள் இருப்பதையும், அந்த இருக்கைகளில் விரலை வைத்தால் யாரோ இப்போதுதான் எழுந்துபோனது போல வெதுவெதுப்பாக இருப்பதையும் கண்டு, வெதுவெதுப்பாகத்தானே இருக்கும், ரயில் என்றால் ஆள் ஏறாமலா இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மாலையில், கடற்காற்று திரும்பித் தாழம்பூ மணம் ஸ்டேஷனுக்குள் வரும் நேரத்தில், பிளாட்பாரத்தில் இருக்கிற எல்லோரும் ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்க்கிற ஒரு கணம் வரும். ஒருவர் தும்முவார், ஒருவர் செருப்பைத் தேடுவார், ஒருவர் கொக்கு பறப்பதைக் காட்டுவார். திரும்பிப் பார்த்தால் பெட்டிகள் சில போயிருக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ காலையில் திரும்பி வந்து நிற்கும். போகும்போது பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணில் தூசி விழுந்தது.

அவை சும்மா போய் வருவதில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் வளையல்காரி ஜெய்னம்பு. எறும்பு ஏறுகிறதா பார்ப்போம் என்று ஒரு மஞ்சள் பெட்டிக்குள் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து மூடினார். மறுநாள் மன்னார்குடியில் கட்டிக்கொடுத்த அவருடைய மகள் போனில் கூப்பிட்டாள்.

"ம்மா, நீதானே அனுப்பினே? அரிசிப் பானையில இருந்துச்சு. அதென்ன ஒரே ஒரு பேரீச்சம்பழம்? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

அன்றிலிருந்து ஊருக்கு ஒரு வேலை வந்தது. மஞ்சள் பெட்டி எல்லாமே மன்னார்குடிக்குப் போவதில்லை என்றும், ஒரே மஞ்சளில் ஒன்று மன்னார்குடிக்கும் இன்னொன்று பட்டுக்கோட்டைக்கும் போகிறது என்றும் தெரிந்ததும், பார்வைக்கு ஒன்றாகத் தெரிகிற பெட்டிகளுக்கு நடுவே எது எது என்று பிரித்தறிவது சாப்பாடு போலவும் தூக்கம் போலவும் அன்றாடக் காரியமாகிவிட்டது. ஆளாளுக்கு அவரவர் கை பழகிய தொழிலால் அதைச் செய்தார்கள். ஜெய்னம்பு கூரைகளைப் பார்த்தார். மற்றவர்கள் பச்சை என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் அவருக்குக் கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் மயில்கழுத்துப் பச்சையும் தனித்தனியாகத் தெரிந்தன. தையல்கடைப் பக்கிரிசாமி ஜன்னலுக்குக் கீழே ஓடும் பொன்கோட்டைப் பார்த்தார். ஒற்றைக்கோடா, இரட்டைக்கோடா, கோடு மூலையில் மடங்குகிறதா, நேராக வெட்டி நிற்கிறதா என்று ஜாக்கெட் ஓரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துச் சொன்னார். குஞ்சிதபாதம் பெட்டிகளைக் கோக்கும் கொக்கிகளை விரலால் தடவி, இது வளையக் கொக்கி, இது கைக்கொக்கி, வளையக் கொக்கி வடக்கே போகாது என்பார்.

தப்பும் நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டாக ஒரு பெட்டியின் கூரையைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டிவிட, அப்படி ஒரு பெட்டி உலகத்திலேயே இல்லாததால் அதற்கு எங்கே போவது என்று தெரியவில்லை. பக்கிரிசாமி மைத்துனருக்கு அனுப்பிய மூக்குப்பொடி டப்பாவின் மூடி கும்பகோணத்திலும் டப்பா காரைக்குடியிலும் போய் விழுந்தன. நடுவில் பொடி என்ன ஆனதென்று தெரியவில்லை. வழியில் இருக்கிற ஊர்களில் அன்று எல்லோரும் தும்மியிருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

சேதி எப்படியோ பரவி, பழைய விளையாட்டு ரயில்களைச் சேர்க்கிற ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். கையுறை போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, நாள் முழுக்கத் தரையில் மண்டியிட்டுப் பார்த்தார். ஒரே அச்சில் செய்த பெட்டிகள்தான், ஆனால் செய்யச் செய்யச் சின்னச் சின்ன மாற்றங்கள், அவற்றைப் பிரித்தறியத் தனக்குப் பாதி ஆயுள் ஆனது, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"யாரு சொல்லிக்கொடுக்கணும்?" என்றார் பக்கிரிசாமி. "மச்சானுக்குப் பொடி போய்ச் சேரணும்ல?"

சென்னைக்காரர் ஆசையாக ஒரு பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் உப்பளத்தைத் தாண்டுவதற்குள் பை காலியாகிவிட்டது. போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "தூசி தட்டலாம். துடைக்காதீங்க. எண்ணெய் வைக்காதீங்க. அழுக்கு மாதிரி இருக்கறதெல்லாம் அழுக்கு இல்லை."

"குளிக்காம சாமி கும்பிடச் சொல்றாரு," என்றார் குஞ்சிதபாதம். எல்லோரும் சிரித்தார்கள்.

சென்னைக்காரர் மண்டியிட்டுப் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவை அடர்சிவப்பு. அடர்சிவப்பு உடம்பு, தயிர்நிறக் கூரை, ஒற்றைப் பொன்கோடு, வளையக் கொக்கி; எல்லாம் அச்சாக ஒன்றே. அவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, ஜன்னலுக்கு மேலே கறுப்பு மையில் ஓடிய எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து அது. எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். ஆனால் ஒன்றில் எறும்பு வலப்பக்கம் ஊரும், ஒன்றில் கூட்டமாக நிற்கும், ஒன்றில் கடைசி எறும்புக்குக் கால் நீளம். அதை வைத்து மதுரைப் பெட்டி, திருவாரூர்ப் பெட்டி, அறந்தாங்கிப் பெட்டி என்று சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு சிவப்புப் பெட்டியில் மட்டும் எழுத்தே இல்லை. அச்சடிக்கும்போது விழாமல் போன குறைப்பெட்டி என்று சென்னைக்காரர் சொன்னார். அதில் வைத்தது எதுவும் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஊர் அதைக் கழித்துவைத்தது.

வேதவல்லி கழிக்கவில்லை. ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை அவளுக்கு. பட்டப்படிப்பு முடித்தவள், பேச வேண்டியதைத் தராசு பேசட்டும் என்று இருப்பவள். கடை மூடியபின் பிளாட்பாரத்துக்கு வந்து, யாரும் பார்க்காத சக்கரங்களை அவள் பார்த்தாள். ஒரே ஊருக்குப் போய்வருகிற பெட்டியின் சக்கரத்தில் எப்போதும் ஒரே மண் ஒட்டியிருக்கும். எழுத்து இல்லாத பெட்டி போனால் அரைமாதத்துக்கு மேல் கழித்துத்தான் வரும். வரும்போது ஒரு தடவை செம்மண், ஒரு தடவை கரிசல், ஒரு தடவை வெள்ளைக் கல்மாவு. அப்படியானால் அது ஓர் ஊருக்குப் போகவில்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கிற யாரிடமோ போகிறது என்று நினைத்தாள். அப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கிற ஒருத்தியை அவளுக்குத் தெரியும்.

அமிர்தகலா அவளுடைய தங்கை. அகலப்பாதை போடுவதற்காக மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பெயர்க்க வந்த கூலியாட்களில் ஒருவனோடு, கடைசித் தண்டவாளத்தை லாரியில் ஏற்றிய அன்று, அவளும் ஏறிப் போய்விட்டாள். ஊர் ஊராகத் தண்டவாளம் பெயர்ப்பதும் போடுவதுமாகப் போகிறவர்களுக்கு விலாசம் கிடையாது. அப்பா சிங்காரவேலு, ஸ்டேஷனில் வேகன்களுக்கு உப்பு மூட்டை ஏற்றுகிற கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர், "தண்டவாளத்தோட சேத்து என் பொண்ணையும் பேத்துக்கிட்டுப் போயிட்டானுவ" என்று அன்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லவும் இல்லை, ஸ்டேஷன் பக்கம் வரவும் இல்லை. வீட்டில் சத்தம் குறைந்துபோனது. அமிர்தம் எதைச் சொல்லுவதற்கு முன்னாலும் கைவளையல்களை முழங்கை வரைக்கும் தள்ளி ஏற்றிவிட்டு, ஒரு நொடி பிடித்திருந்து, சரசரவென்று மணிக்கட்டுக்கு விழவிட்ட பிறகுதான் பேசுவாள். "வளையலை உருட்டாம உனக்குப் பேச வராதா?" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் திட்டுவார். திட்டுவதற்கு அந்த ஒரு நொடி அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வேதவல்லி எழுத்து இல்லாத பெட்டியில் முதலில் ஒரு கல் உப்பு வைத்தாள். பெட்டி திரும்பி வந்தபோது உள்ளே ஒரு கருங்கல் ஜல்லித் துண்டு இருந்தது, தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுகிற ஜல்லி. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சோறு போட்டாள். பிறகு ஒரு தடவை மருதாணி இலை போனது, பதிலுக்குப் பெயர் தெரியாத காட்டுப்பழம் வந்தது. ஒரு தடவை பாதி கடித்த மாங்காய்த் துண்டு வந்தது. அது என்னவென்று விளங்காமல் ஜெய்னம்புவிடம் மட்டும் காட்டினாள்.

ஜெய்னம்பு பல் பதிந்த இடத்தைப் பார்த்தார். முகர்ந்தார். "உப்புமில்லாம காரமுமில்லாம இப்படி வெறுமாங்காயைக் கடிச்சிருக்கான்னா இது மசக்கைக் கடி, புள்ள. யாரோடது?"

வேதவல்லி துண்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜெய்னம்பு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ம், சரி," என்றார்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் மாலையில் அவள் போய்ப் பார்த்தபோது பெட்டி மறுபடி வந்து நின்றிருந்தது. உள்ளே ஒரு சணல் கயிறு, ஒன்பது முடிச்சு. வேறெதுவும் இல்லை. ஜல்லி அனுப்பியவள், பழம் அனுப்பியவள், இந்தத் தடவை ஒன்று கேட்டிருக்கிறாள் என்று வேதவல்லிக்குப் புரிந்தது. ஒன்பதாம் மாதம். பிறந்த வீட்டிலிருந்து வளையல் போகவில்லை. வயிற்றிலிருக்கிற குழந்தை முதலில் கேட்க வேண்டியது பிறந்த வீட்டு வளையலின் சத்தம் என்பார்கள். அந்த வளையலுக்கும் முன்னால் கைக்கு ஏற வேண்டியது வேப்பங்கொழுந்தை வளைத்துச் செய்த காப்பு. அம்மா இல்லாத வீட்டில் அதை அக்காதான் செய்ய வேண்டும். விளக்கு வைத்தபின் வேம்பை ஒடிக்கக் கூடாது என்பதால், விடிந்ததும் செய்யலாம் என்று பெட்டியைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். இப்போது அனுப்பினால்தான் உண்டு. பெட்டி போய்த் திரும்பி இன்னொரு தடவை போவதற்குள் பிள்ளை பிறந்துவிடும்.

மறுநாள் காலை வீட்டுப் பூஜையை முடித்து, வேப்பங்காப்பை வளைத்துக் கட்டி, அதைச் சுண்டல் தூக்குக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு அவள் ஸ்டேஷனுக்கு வந்தபோது, பிளாட்பாரம் கல்யாண வீடு போல இருந்தது. பூஜைக்கென்றோ என்னவோ அன்று எல்லாப் பெட்டிகளும் வந்து நின்றன. லாரி, சைக்கிள், அரிவாள், தையல் மிஷின் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கிற நாளில் ஊருக்கு உழைக்கிற பெட்டிகளை மட்டும் அழுக்காக விடுவார்களா? ஊரே குந்தி உட்கார்ந்து கழுவியிருந்தது. பெட்டி ஒவ்வொன்றும் தகதகவென்று, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, கழுத்தில் மாலை சாத்தி, சக்கரத்துக்கு விளக்கெண்ணெய் விட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறக் காத்திருந்தது. சிவப்புப் பெட்டிகளின் நடுவே, வேட்டியை மடித்துக் கட்டி, கையில் புளியும் தேங்காய்நாருமாக உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அப்பா.

"மூட்டைக் கொக்கிக்கும் தராசுக்கும் பொட்டு வெச்ச கை இது," என்று சிங்காரவேலு தலையைத் தூக்காமல் சொன்னார். "வருசா வருசம் வீட்டுலயே இருந்துட்டேன். இன்னிக்கு என்னமோ காலு இங்க கூட்டியாந்துடுச்சு. பாத்தியா வேதா, எப்படிப் பளிச்சுன்னு ஆக்கிருக்கேன்?"

வேதவல்லி பார்த்தாள். ஒரு சிவப்புப் பெட்டியிலும் எழுத்து இல்லை.

"எழுத்து எங்கப்பா?"

"எந்த எழுத்து? எறும்பு மேஞ்சாப்ல கறேல்னு இருந்துச்சே, அதுவா? புளியை வெச்சு ரெண்டு தேய் தேய்ச்சேன், போயிடுச்சு."

"சக்கரத்துல மண்ணு?"

"அதையும்தான்."

பக்கிரிசாமி கிட்டே வந்து பார்த்தார். ஜெய்னம்பு வந்து பார்த்தார். மதுரை எது, திருவாரூர் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எழுத்து இல்லை என்பதை வைத்து அவள் ஒரு பெட்டியை அடையாளம் கண்டிருந்தாள். இப்போது எல்லாமே அந்தப் பெட்டியாக இருந்தன.

"சரி விடு, நாளடைவுல தெரிஞ்சிடும்," என்றார் குஞ்சிதபாதம். "என்ன, பத்து நாளு மாறிமாறிப் போயிச் சேரும்."

"நாளில்லை," என்றாள் வேதவல்லி. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "இதுல ஒண்ணு அமிர்தத்துக்குப் போற பெட்டி."

அந்தப் பெயர் பிளாட்பாரத்தில் விழுந்ததும் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. குஞ்சிதபாதம் அதை இறக்கவில்லை. சிங்காரவேலு தேங்காய்நாரைக் கீழே வைத்தார்.

"யாரைக் கேட்டு அனுப்பிச்சே?"

"யாரையும் கேக்கலை."

"ரொம்ப நாளாவா?"

"ரொம்ப நாளா."

அவர் எழுந்து போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகத்தான் எழுந்தார். அப்போது அவள் சணல் கயிற்றை நீட்டினாள். வாங்காமலே பார்த்தார். பிறகு வாங்கினார். புளி படிந்த கட்டைவிரலால் முதல் முடிச்சைத் தடவினார், அடுத்ததைத் தடவினார், கடைசி வரைக்கும் தடவினார்.

"இது மூட்டை முடிச்சு," என்றார்.

வண்டி குலுங்கக் குலுங்க இறுகுகிற முடிச்சு அது. உப்பு மூட்டை வாயைக் கட்டுவதற்கு அவருடைய ஆட்கள் போடுவது. இரண்டு பெண்களும் சின்ன வயதில் மூட்டை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டது.

"எத்தனாம் மாசம்?" என்று கேட்டார். விரல் எண்ணியிருந்தாலும் கேட்டார்.

"ஒம்பது."

சிங்காரவேலு பெட்டிகள் பக்கம் திரும்பினார். ஒரு பெட்டியை எடுத்து எடை பார்ப்பது போலக் கையில் ஏந்தினார், வைத்தார், அடுத்ததை எடுத்தார். எல்லாம் ஒரே கனம். அவர் தேய்த்ததில் எல்லாம் ஒரே பளபளப்பு.

"வேகன்ல சீட்டு ஒட்டாம வந்து நிக்கும்," என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல். "எது எந்த ஊருக்குப் போவுதுன்னு ஸ்டேஷன்லயே தெரியாது. மழை வேற வரும். அப்ப என்ன பண்ணுவோம்? எல்லா வேகன்லயும் ஏத்துடான்னுவேன். எங்க போனா என்ன? உப்பு எங்க போனாலும் உப்புத்தான்."

அவரே போய், சிக்னல் கம்பத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தில் கொழுந்தாகப் பார்த்து ஒடித்துக்கொண்டு வந்தார். பிளாட்பாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையை உருவாமல், நுனியை நுனியோடு வளைத்து, சணல் பிரியால் மூட்டை முடிச்சுப் போட்டு ஒவ்வொரு காப்பாகச் செய்தார். வேதவல்லி எதிரில் உட்கார்ந்து அவளும் செய்தாள். ஜெய்னம்பு வளையல் கூடையைக் கொண்டுவந்து நடுவில் கவிழ்த்தார்.

"அவ கை அளவு எனக்குத் தெரியும். எல்லாத்துக்கும் அதே அளவு. மத்தவளுகளுக்குச் சேரலைன்னா சோப்புப் போட்டு ஏத்திக்கட்டும்."

"அக்கா, இதுல ஒண்ணு மதுரைக்குப் போகும்," என்றார் பக்கிரிசாமி. "அங்க இருக்கறது என் மாமியா. இந்த வயசுல அதுக்கு வளைகாப்பா?"

"போட்டுக்கட்டுமே. சத்தம் கேட்டாவது ஒரு தடவை சிரிக்குதான்னு பாப்போம்."

"கல்யாணத்தன்னிக்கே சிரிக்கலை."

ஊர்ப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு சிவப்புப் பெட்டியின் கூரையையும் திறந்து, இருக்கைகளின் மேல் ஒரு வேப்பங்காப்பும், அதன் மேல் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களும் அடுக்கி, பெட்டிக்குச் சந்தனம் தடவி, கூரையை மூடினார்கள். யாரோ நலுங்குப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார்கள். யாருக்கென்று தெரியாததால் பெயர் வர வேண்டிய இடத்தில் எல்லோரும் முனகிவிட்டு அடுத்த அடிக்குப் போனார்கள். கடற்காற்று திரும்பியது. ஒருவர் தும்மினார், ஒருவர் செருப்பைத் தேடினார், சிங்காரவேலு முகத்தைத் துண்டால் துடைத்தார். நிமிர்ந்தபோது தடத்தில் எருக்கம்பூ மட்டும் இருந்தது.

அதன்பின் சிவப்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மதுரையிலிருந்து பக்கிரிசாமியின் மைத்துனர் போன் செய்தார். மாமியார் காப்பைக் கழற்ற மாட்டேன் என்கிறார், யாரும் இல்லாத நேரத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார் என்றார். திருவாரூர்ப் பெட்டியில் ஒரு மஞ்சள் கிழங்கு வந்தது. இன்னொன்றில், யாருக்கும் சொந்தக்காரர் இல்லாத ஏதோ ஓர் ஊரிலிருந்து, ஒரு வெற்றிலையும் அதில் குங்குமமும் வந்தன. அனுப்பியவளுக்கும் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று பேசிக்கொண்டு, அந்தக் குங்குமத்தை ஊர்ப்பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டார்கள். வந்த பெட்டிகளுக்குப் பக்கிரிசாமி சாக்கட்டியால் புது அடையாளம் போட்டார்.

ஒரே ஒரு பெட்டி வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சிங்காரவேலு தினமும் குடையோடு ஸ்டேஷனுக்கு வந்து, துருப்பிடித்த பழைய எடைமேடையின் மேல் உட்கார்ந்து தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் கேட்காமலே டீ கொண்டுவந்து கொடுத்தார். ரேஷன் கடையைப் பூட்டிவிட்டு வேதவல்லியும் வந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் அமிர்தத்தைப் பற்றிப் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள், இந்த வருஷம் உப்பு எப்போது விளையும் என்று பேசினார்கள். ஆனால் முன்பு போல வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

மழை வெறித்த ஒரு காலையில் பெட்டி வந்து நின்றது. சக்கரம் முழுக்க இதுவரை யாரும் பார்த்திராத நீலச்சாயலான களிமண். பக்கிரிசாமி சாக்கட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஜெய்னம்பு வந்தார். வேதவல்லி குனிந்து கூரையைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. மஞ்சள் இல்லை, ஜல்லி இல்லை, உதிர்ந்த ஒரு வேப்பிலைகூட இல்லை. இருக்கைகளைத் தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பும் இல்லை. பெட்டி அமிர்தத்திடம் போகவே இல்லையா, போனபோது அவள் அங்கே இல்லையா, பிரசவம் முந்திக்கொண்டதா என்று கேட்க நினைத்து எல்லோரும் கேட்காமல் நின்றார்கள். வேதவல்லி கூரையை மூடினாள்.

"கொண்டா," என்றார் சிங்காரவேலு.

மண்ணைப் பார்க்கலாம் என்றுதான் அவர் பெட்டியைத் தூக்கினார். தூக்கியதும் உள்ளே ஏதோ கலகலத்தது. அவர் வேதவல்லியைப் பார்த்தார். கூரையைத் திறந்தார், வெறுமை, சத்தமும் இல்லை. மூடினார், கலகலப்பு, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டவள் அடுத்த அறையில் எதையோ எடுத்துவைக்கிற மாதிரி. அவர் பெட்டியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"என்னாங்க கேக்குது?" என்றார் பக்கிரிசாமி.

பெட்டிக்குள் வளையல்கள் மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலே ஏறின. ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, முழங்கை வரைக்கும் ஏறி, அங்கே நின்றன. சத்தம் அற்றுப்போனது. பிடித்திருக்கிற அந்த ஒரு நொடி வந்தது. குஞ்சிதபாதம் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். பக்கிரிசாமி மறுபடி ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"சும்மா இருங்கய்யா," என்றார் சிங்காரவேலு, பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு. "பேசப் போறா."